அரியலூருக்கு சைட் பாக்கப் போன கதை

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அரியலூர் போகணும். துப்பாக்கிக்கு ஒரு சைட் வாங்கணும். திரும்பி பெரம்பலூர் வந்து கடையைத் தெறக்கணும். அவ்வளவுதான்.

துப்பாக்கின்னதும் பயந்துராதீங்க. ஏர் ரைஃபிள். காத்துல சுடுறது. குண்டு மிளகு சைஸ்ல இருக்கும். அட்டையில ஓட்டை போடும். அதுக்கு மேல அதால ஒண்ணும் ஆவாது, என்னாலயும் ஒண்ணும் ஆவாது.

பெரம்பலூர்ல எனக்கு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஞாயித்துக்கிழமையானா ரைஃபிள் கிளப்பு. கிளப்புன்னதும் பெருசா நெனைச்சிக்காதீங்க. ஒரு பழைய பருத்தி குடோன். இந்தக் கோடியில மேசை, அந்தக் கோடியில வரிசையா அட்டை. நடுவுல பருத்திப் பஞ்சு பறக்கும். மெம்பருங்கன்னா ஒரு நகைக்கடைக்காரரு, ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, ஒரு பல் டாக்டரு, அப்புறம் நானு. படுத்துக்கிட்டு சுடணும்னா எங்கள்ல பாதிப் பேருக்கு தொப்பை தரையில முட்டி கால் ரெண்டும் மேல தூக்கிக்கும். அதனால நின்னுக்கிட்டுதான் சுடுவோம்.

சைட்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன். துப்பாக்கியோட மூஞ்சில ஒரு ஊசி நிக்கும். கண்ணுக்குக் கிட்ட ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்துக்கு நடுவுல ஊசி, ஊசிக்கு மேல அட்டையோட கறுப்பு வட்டம். மூணும் ஒண்ணா நின்னா விசையை அமுக்கலாம்.

எனக்கு கொஞ்ச நாளா அந்த ஊசி ஊசியா தெரியல. மொதல்ல ரெண்டு ஊசியா தெரிஞ்சுது. அப்புறம் கம்பளிப்பூச்சியா தெரிஞ்சுது.

கிளப்பு செக்ரட்டரி, அந்த ரிட்டயர்டு வாத்தியாருதான், என் அட்டையைப் பாத்துட்டு மெதுவா சொன்னாரு.

“சார், தப்பா நெனைச்சிக்காதீங்க. வெள்ளெழுத்து. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு கண்ணாடி போட்டுக்கங்க.”

எனக்கா? வெள்ளெழுத்தா?

“சார், ஊசி தேஞ்சிருச்சு சார்!”

“இரும்பு ஊசி எப்படி சார் தேயும்?”

“ரொம்ப வருசமா பாத்துட்டே இருக்கேன்ல.”

அவரு வாத்தியாரா இருந்தவரு. இந்த மாதிரி எத்தனை பதிலைக் கேட்டிருப்பாரு! அடுத்த அட்டையைப் பாக்கப் போயிட்டாரு.

உண்மையைச் சொல்லணும்னா அவரு சொன்னது சரிதான். கடையில கிளட்ச் கேபிள் கேட்டவருக்கு பிரேக் கேபிளைக் குடுத்து அனுப்பிட்டு, “இப்பல்லாம் டப்பாவுல எழுத்தை எறும்பு மாதிரி போடுறானுங்க சார்”னு கம்பெனிக்காரனைத் திட்டுற ஆளு நானு. ஆனா கண்ணாடி மட்டும் போட மாட்டேன். எங்கப்பா கண்ணாடி போட்ட வருசத்துலேருந்துதான் ஊர்ல எல்லாரும் அவரைப் ‘பெரியவரே’ன்னு கூப்புட ஆரம்பிச்சாங்க.

இதுல அவசரம் வேற. திருச்சியில நடக்கிற போட்டிக்கு எங்க கிளப்புலேர்ந்து மூணு பேரு போகணும். ரெண்டு எடம் முடிவாயிருச்சு. மூணாவது எடத்துக்கு ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். நானா, பல் டாக்டரான்னு போட்டி.

வருசா வருசம் அந்த எடம் எனக்குத்தான். போய் ஒண்ணும் கிழிச்சதில்ல. ஆனா போவேன். கழுத்துல பேர் அட்டை மாட்டிக்கிட்டு போட்டோ எடுத்துக்குவேன். அந்த போட்டோ கடையில சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு. இந்த வருசம் அந்த எடம் போச்சுன்னு வைங்க, பஜார்ல ஒருத்தன் விடாம கேப்பான், “என்னண்ணே, கண்ணு போச்சாமே?”

அதனால முடிவு பண்ணேன். கண்ணை மாத்த முடியாது. சைட்டை மாத்திருவோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வூட்டுல உக்காந்து செக்ரட்டரிக்கு போன் போட்டேன். “ஆமா சார், நாளைக்கு அரியலூர் போறேன். சைட் பாக்கத்தான். ஜமால் பாய்ட்ட நாலஞ்சு சைட் இருக்காம். எவ்வளவு ஆனாலும் சரி, நல்லதா ஒண்ணு பாத்து முடிச்சிட்டுதான் வருவேன்.”

என் வூட்டுக்காரி கலா அடுப்படியில தாளிச்சிக்கிட்டிருந்தா. கடுகு சத்தம் பாதியில நின்னுச்சு. நான் அதை கவனிக்கல. கவனிச்சிருக்கணும்.

காலையில எந்திரிச்சிப் பாத்தா கலா பட்டுப்பொடவையில நிக்கிறா. தலை நெறைய மல்லிப்பூ. கையில ஒரு கூடை. கூடைக்குள்ள எலுமிச்சம்பழம், கற்பூரம்.

“எங்க கெளம்பிட்ட?”

“நானும் வரேங்க. இதுக்கு நான் வராமலா?”

எனக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருசத்துல என் துப்பாக்கியை அவ ஒரு தடவ கூட பேர் சொல்லிக் கூப்புட்டதில்ல. ‘அந்தக் குழாயி’ம்பா. கிளப்புக்கு அவ வெச்ச பேரு ‘பலூன் சுடுற எடம்’. இன்னைக்கு பட்டுக் கட்டிக்கிட்டு வரேங்கறா! புருசனோட தெறமையை லேட்டாவாவது புரிஞ்சிக்கிட்டாளேன்னு எனக்கு உள்ளுக்குள்ள குளுந்துபோச்சு.

பஸ்ல ஏறினோம். மூணு பேரு சீட்டு. நான், கலா, ஓரத்துல சின்ன வெங்காய மூட்டையைக் காலுக்கு நடுவுல வெச்சிக்கிட்டு ஒரு பெரியவரு.

கலா ஆரம்பிச்சா. “ஏங்க, அந்த பாய் எப்படிப்பட்டவரு?”

“தங்கமான மனுசன். லப்பைக்குடிகாட்டுக்காரரு. துபாய்ல இருந்து சம்பாரிச்சிட்டு வந்து இதைப் போட்டிருக்காரு.”

“அப்ப பத்திரமெல்லாம் கரெக்டா இருக்கும்.”

“பத்திரமாத்தான் வெச்சிருப்பாரு. பெட்டிக்குள்ள.”

அவளுக்கு திருப்தி. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பாத்துட்டு மறுபடி திரும்பினா.

“முன்பக்கம் எப்படி இருக்கும்?”

“முன்பக்கம்தாம்மா இத்தனை நாளா பிரச்சினை. முன்னாடி இருக்கிறது கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது.”

“உள்ளடங்கி இருக்குமோ?”

“ஒரு கை நீளம் தள்ளி இருக்கும்.”

“அவ்வளவுதானே, பரவால்ல. பின்பக்கம்?”

“பின்பக்கம் ஓட்டை வெச்சதா பாக்கலாம்னு இருக்கேன்.”

“ஓட்டையா?”

வெங்காய மூட்டைக்காரரு குறுக்க வந்தாரு. “போரைச் சொல்றாரும்மா. தம்பி, அரியலூர்ப் பக்கம் பாத்து எறக்குங்க. அடியில பூரா சுண்ணாம்புப் பாறை. தண்ணி வந்தாலும் வாயில வெக்க முடியாது.”

தண்ணியா? எனக்கு ஒண்ணும் புரியல. பாவம், வயசானவரு, காது கேக்கல போலருக்குன்னு நெனைச்சிக்கிட்டேன். கண்ணு தெரியாதவன் அடுத்தவன் காதைக் குறை சொன்னேன், அன்னைக்கி நான் பண்ண மொத தப்பு அது.

“ஓட்டையை ஈசான்ய மூலையில போடச் சொல்லணும்ங்க,” கலா சொன்னா.

“மூலையிலயா? நல்லா சொன்ன போ. நட்ட நடுவுல இருக்கணும். கொஞ்சம் வெலகினாலும் எல்லாமே வீணாப் போயிரும்.”

பெரியவரு என்னை ஒரு மாதிரியா பாத்தாரு. “நட்ட நடுவுல போட்டுட்டு வூட்டை எங்க தம்பி கட்டுவ?”

“வூடு எதுக்குங்க? சுடுறதுக்குத்தான்.”

“செங்கல்லா?” அப்படின்னு கேட்டுட்டு அவரு மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கிட்டாரு.

கலா என் கையைப் புடிச்சா. “ஏங்க, திருமழபாடி சாமிக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். இது நல்லபடியா முடிஞ்சா நம்ம ரெண்டு பேரும் போயி அர்ச்சனை பண்ணிட்டு வரணும்.”

என் செலக்‌ஷனுக்கு வேண்டுதலா! எனக்கு கண்ணு கலங்கிருச்சு. ஏற்கனவே தெரியாத கண்ணு, கலங்கினதும் கண்டக்டர் குடுத்த சில்லறையே தெரியல.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுல எறங்குறோம். அங்க கலாவோட தம்பி சரவணன் நிக்கிறான். விக்கிரமங்கலத்துலேருந்து பைக்கை முறுக்கிக்கிட்டு வந்திருக்கான். தோள்ல ஒரு பெரிய அளக்குற டேப்பு. கையில ஒரு நூல்கண்டு.

“வாங்க மாமா! ஒரு வார்த்தை சொல்லலியே! அக்கா சொல்லித்தான் தெரியும்.”

“இதுக்கெல்லாம் எதுக்குய்யா உன்னையக் கூப்புட்டுக்கிட்டு?”

“நல்லா இருக்கே! நாலு எடம் பாத்தவன் நானு. நான் வராம முடிப்பீங்களா? சரி, அளவு என்ன மாமா?”

“நாலுக்கு முப்பத்திரெண்டுன்னு பாய் சொன்னாரு.”

சரவணன் அப்படியே நின்னுட்டான். “நாலுக்கு முப்பத்திரெண்டா? நாலடி அகலத்துல என்ன மாமா கட்டுறது? அது சந்து மாமா!”

கலா கூடையைக் கீழ வெச்சா. “ஏங்க, சந்தையா வாங்கப் போறீங்க?”

“சின்னதா இருந்தா என்ன? நாலு மடங்கு பெருசா காட்டும்.”

“யாருக்கு காட்டும்?”

“நம்ம கண்ணுக்குத்தான்.”

“எதுக்கு?”

“ரைஃபிளுக்கும்மா! சைட்டு! துப்பாக்கிக்கு சைட்டு!”

ஒரு சுண்ணாம்புக்கல்லு லாரி எங்களைத் தாண்டிப் போச்சு. அது கெளப்பின தூசி பூரா எங்க மூணு பேரு மேலயும் எறங்குச்சு.

அப்பத்தான் எனக்கு மண்டையில ஒறைச்சுது. சைட்டு. மனை. எலுமிச்சம்பழம். பத்திரம். போர்வெல்லு. ஈசான்ய மூலை. பஸ்ல பெரியவருக்கு காது நல்லாத்தான் கேட்டிருக்கு!

கலா திட்டல. திட்டியிருந்தா கூட தேவலாம். பட்டுப்பொடவைத் தலைப்பால மொகத்தைத் தொடைச்சிக்கிட்டு, “நீங்க மனை பாக்கப் போறீங்கன்னுல்ல நெனைச்சேன்”னு மட்டும் சொன்னா. கல்யாணம் ஆன நாள்லேருந்து வாடகை வூடு. செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா ஓனரம்மாட்ட கேக்கணும். நான் சரவணன் கையில இருந்த நூல்கண்டையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அவளே சொன்னா. “பஸ் ஏறி வந்தாச்சு. வாங்க. உங்க சைட்டையாவது ஒழுங்கா பாப்போம்.”

ஜமால் பாய் வெச்சிருக்கிறது விளையாட்டு சாமான் கடை. கேரம் போர்டு, கிரிக்கெட் பேட்டு, கப்பு, மெடலு. உள்ள ஒரு கண்ணாடி அலமாரியில ஏர்கன்னும் அதோட சாமானும். பட்டுப்பொடவை, எலுமிச்சம்பழம், டேப்பு சகிதமா நாங்க உள்ள நொழைஞ்சதும் பாய் எந்திரிச்சே நின்னுட்டாரு.

“வாங்க வாங்க. என்ன தங்கச்சி, பூஜை சாமானோட? எதுவும் விசேஷமா?”

“கேக்காதீங்க பாய்,” கலா சேரை இழுத்துப் போட்டு உக்காந்தா.

பாய் மொத டப்பாவைத் தெறந்தாரு. ஒரு இரும்பு வளையம், நடுவுல குண்டூசி போற அளவுக்கு ஓட்டை.

“இது பீப் சைட்டு சார். பின்னாடி மாட்டணும். இந்த ஓட்டை வழியா பாத்தா முன்னாடி இருக்கிற ஊசி, அட்டை ரெண்டுமே தெளிவா தெரியும். உங்க கண்ணுக்கு இதுதான் சரி.”

கடையில இருந்த ஏர்கன்னுல மாட்டிக் குடுத்தாரு. பாத்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க, பளிச்னு இருந்துச்சு! கம்பளிப்பூச்சி போயி பழைய ஊசி திரும்ப வந்துருச்சு. அப்படியே வாங்கிட்டு வந்திருந்தா இந்தக் கதையே கெடையாது.

பாய் ஒரு வார்த்தையைக் கூடுதலா விட்டுட்டாரு. “வயசானவங்க பூரா இப்ப இதைத்தான் வாங்குறாங்க.”

சரவணன் சிரிச்சான். சத்தம் வராமத்தான் சிரிச்சான். ஆனா தோள்ல இருந்த டேப்பு குலுங்குச்சு.

வயசானவங்க பொருளை மச்சான் முன்னாடி வாங்குறதா? “இது எனக்கு செட்டாவாது பாய். வேற காட்டுங்க.”

அடுத்தது ரெட் டாட். கண்ணாடிக்குள்ள செவப்பா ஒரு புள்ளி தெரியும், அந்தப் புள்ளியை வட்டத்துல வெச்சி சுட்டா போதும்னாரு. நான் பாத்தேன். மாதுளம்பழத்தை செவுத்துல அடிச்ச மாதிரி செதறிக் கெடந்துச்சு.

“பாய், புள்ளி ஒடைஞ்சிருக்கு.”

சரவணன் வாங்கிப் பாத்தான். “நல்லா உருண்டையா ஒரே புள்ளியா இருக்கே மாமா.”

கலா வாங்கிப் பாத்தா. “பொட்டு மாதிரி இருக்குங்க.”

பாய் பக்குவமா ஆரம்பிச்சாரு. “சார், கண்ணுல கொஞ்சம் பவர் இருந்தா அப்படித்தான் செதறித் தெரியும். நான் துபாய்க்குப் போன புதுசுல எனக்கே...”

“பேட்டரி வீக்கா இருக்கும் பாய். அடுத்ததை எடுங்க.”

கடைசியா அந்த நாலுக்கு முப்பத்திரெண்டு. ஸ்கோப்பு. கறுப்பா, கம்பீரமா, பாத்தாலே சல்யூட் அடிக்கத் தோணும். சரவணனே சிரிப்பை நிறுத்திட்டு, “மாமா, இது சூப்பரா இருக்கே”ன்னான். நான் அங்கயே முடிவு பண்ணிட்டேன். மாட்டச் சொன்னேன். கண்ணை வெச்சேன்.

உள்ள ஒரே பொகை.

“பாய், இதுக்குள்ள உங்க ஊரு சிமெண்ட் ஃபேக்டரி தூசி போயிருச்சு.”

பாய்க்கு கோவம் வந்துருச்சு. “ஊர்ல தூசி இருக்கலாம் சார். சீல் ஒடைக்காத டப்பாக்குள்ள எப்படி சார் போவும்?”

“உங்க ஊரு தூசி எங்க வேணா போவும் பாய். இருங்க, வெளிச்சத்துல பாத்தா தெரிஞ்சிரும்.”

பாய் “சார், சார்”ங்கறதுக்குள்ள நான் ஏர்கன்னோட வாசல்ல வந்து நின்னுட்டேன். குண்டு போடாத துப்பாக்கிதான். ஆனா அது எனக்குத் தெரியும், ரோட்டுல போறவனுக்குத் தெரியுமா? இந்த யோசனை எனக்கு வரவே இல்ல. எதிர்ப்பக்கமா பாத்து தோள்ல வெச்சேன். பொகைக்குள்ள கலர் கலரா என்னமோ அசைஞ்சுது. தூசின்னா அசையுமான்னு இன்னும் உத்துப் பாத்தேன்.

“அய்யோ துப்பாக்கி!”

எதிர்ல இருந்த டீக்கடையில மாஸ்டரு பாய்லருக்குப் பின்னாடி உக்காந்துட்டாரு. பன்னு தின்னுக்கிட்டிருந்த ஒருத்தரு ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு, வாயில பன்னோட. ஒரு ஆட்டோ நடு ரோட்டுல நின்னுச்சு. பொகைக்குள்ள கலர் கலரா அசைஞ்சதெல்லாம் கீச்சுக் கீச்சுன்னு கத்திக்கிட்டு ஓடுச்சு.

“யோவ்! எறக்குய்யா! கீழ எறக்கு!”

டிராஃபிக் போலீஸ்காரரு. விசிலை ஊதிக்கிட்டே ஓடி வர்றாரு. நான் எறக்கிட்டேன்.

“என்னய்யா பண்ற?”

வாயில இருந்து உண்மைதான் வந்துச்சு. “சைட் பாக்குறேன் சார்.”

“அதைத்தானய்யா நானும் பாத்தேன்! எதுத்தாப்ல காலேஜ் புள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்குது. இந்த வயசுல சைட்டா? அதுவும் துப்பாக்கி வெச்சி சைட் அடிக்கிறியா?”

“அடிக்கல சார்! பாக்குறேன்!”

“ரெண்டும் ஒண்ணுதான்யா!”

கூட்டம் கூடிருச்சு. கையைத் தூக்கினவரு கையை எறக்கிட்டு பன்னோட முன்வரிசைக்கு வந்துட்டாரு. பாய் டப்பாவைத் தூக்கிட்டு ஓடி வந்தாரு. “சார், இது ஏர்கன்னு சார். விளையாட்டு சாமான். டப்பாவுலயே போட்டிருக்கு சார்.”

போலீஸ்காரரு டப்பாவை என் கையில குடுத்தாரு. “எங்க போட்டிருக்கு? நீயே படி பாப்போம்.”

டப்பாவைக் கிட்ட வெச்சேன். எறும்பு. கொஞ்சம் தள்ளி வெச்சேன். கொஞ்சம் பெரிய எறும்பு. கையை முழுசா நீட்டி, தலையைப் பின்னாடி சாய்ச்சி, ஒரு கண்ணை மூடிப் பாத்தேன். கூட்டத்துல ஒருத்தன், “அண்ணே, டப்பா தலைகீழா இருக்குண்ணே”ன்னான்.

அப்பத்தான் கலா கூட்டத்தை வெலக்கிக்கிட்டு வந்தா. பட்டுப்பொடவை சரசரக்க வந்து நின்னா.

“சார், இவரு என் வூட்டுக்காரரு. இவரு போயி சைட் அடிக்கிறதா? எதுத்தாப்ல நிக்கிறது பொண்ணா, போஸ்ட் கம்பமான்னு கூட இவருக்கு தெரியாது சார். சுத்தமா கண்ணு தெரியல. அதுக்குத்தான் இந்த சாமான் வாங்கவே வந்தோம்.”

அவ சொன்னதுல பாதி பொய். எனக்கு கிட்டத்துலதான் தெரியாது. தூரத்துல நல்லாவே தெரியும். ஆனா அந்த நேரத்துல, “இல்ல சார், அந்தப் பொண்ணுங்க எனக்கு நல்லா தெரிவாங்க”ன்னு சொல்ல முடியுமா?

போலீஸ்காரருக்கு சந்தேகம் தீரல. நாலு அடி தள்ளிப் போயி நின்னுக்கிட்டு ரெண்டு விரலைக் காட்டினாரு.

“இது எத்தினி?”

ரெண்டுன்னு சொன்னா, கண்ணு தெரியுது, அப்ப சைட் அடிச்சேன்னு ஆவும். தெரியலன்னு சொன்னா கண்ணு போச்சுன்னு ஊருக்கே ஆவும். மச்சான் பாக்குறான். பாய் பாக்குறாரு. பன்னுக்காரரு மெல்லுறதை நிறுத்திட்டு பாக்குறாரு. எத்தனை நாளா நான் கட்டிக் காப்பாத்தின மானம்!

கலா என் முதுகுல நறுக்குன்னு கிள்ளினா.

“அது விரலா சார்?”ன்னு கேட்டேன்.

கூட்டம் பூரா ‘ச்சு’ கொட்டுச்சு. போலீஸ்காரரு மொகமே மாறிப்போச்சு. கிட்ட வந்து என் தோள்ல கையைப் போட்டாரு. “பாவம்யா நீ. இவ்வளவு மோசமா வெச்சிக்கிட்டு ரோட்டுக்கு வரலாமா?”ன்னுட்டு, கடைப் படியில என்னைக் கையைப் புடிச்சி ஏத்தி விட்டாரு. “மெதுவா... ஒரு படி... இன்னொரு படி...” நானும் தடவித் தடவித்தான் ஏறினேன். எடுத்த வேஷத்தை முடிக்கணுமே!

உள்ள வந்ததும் பாய் அந்த ஸ்கோப்பை வாங்கினாரு. பின்னாடி இருக்கிற வளையத்தை லேசா ஒரு திருப்பு திருப்பினாரு. “இப்ப பாருங்க சார். அவங்கவங்க கண்ணுக்குத் தக்கன இதைத் திருப்பிக்கணும். அதைச் சொல்லத்தான் சார் சார்னு கத்தினேன்.”

பாத்தேன். பளிங்கு மாதிரி இருந்துச்சு. ஒரு தூசி இல்ல.

“பீப் சைட்டே வாங்கிக்கங்க சார்”னு பாய் மறுபடி சொன்னாரு. கேப்பனா? இவ்வளவு அவமானப்பட்டதுக்கு ஸ்கோப்பாவது மிச்சமாவட்டும்னு அதையே வாங்கிட்டேன். கலா அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் தலையை மூணு சுத்து சுத்தி, “போதும்டா சாமி”ன்னு அரியலூர் ரோட்டுலயே நசுக்கிப் போட்டா.

ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன்.

எங்க கிளப்புல பெருசுங்களுக்கு எந்த சைட்டு வேணும்னாலும் வெச்சிக்கலாம். என் ஸ்கோப்பைப் பாத்து நகைக்கடைக்காரரே எந்திரிச்சி வந்து தடவிப் பாத்தாரு. பக்கத்து லேன்ல பல் டாக்டரு. பாவம், அவருகிட்ட அதே பழைய ஊசியும் பள்ளமும்தான். கை வேற நடுங்குச்சு. பல்லு புடுங்கறப்பவும் இப்படித்தான் நடுங்குமான்னு நெனைச்சிக்கிட்டேன்.

கண்ணை வெச்சேன். அடேங்கப்பா! கறுப்பு வட்டம் நெலா மாதிரி வந்து நிக்குது. மூச்சை அடக்கினேன். டப். நடுவுல. டப். நடுவுல. என் வாழ்நாள்ல நான் அப்படிச் சுட்டதே இல்ல. ஒவ்வொரு குண்டும் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. இனிமே எவன் என்னை வெள்ளெழுத்துன்னு சொல்வான் பாப்போம்!

முடிஞ்சுது. செக்ரட்டரி அட்டைங்களை எடுத்துட்டு வந்தாரு. மொகத்துல ஒரு கொழப்பம். என் அட்டையை மேசையில வெச்சாரு.

கடையிலேருந்து வாங்கி வந்த மாதிரியே இருந்துச்சு. ஒரு ஓட்டை இல்ல.

அடுத்தது டாக்டரோட அட்டை. நடுவுல சல்லடை. ஓரத்துல அங்கங்க நாலஞ்சு ஓட்டை.

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. ஸ்கோப்புல பாத்தா வட்டம் மட்டும்தான் பெருசா தெரியும். அதுக்கு மேல இருக்கிற நம்பர் தகடு தெரியாது. எந்த வட்டம் மொதல்ல கண்ணுல பட்டுச்சோ அதுலயே ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டேன். அது டாக்டர் வட்டம்!

டாக்டரு நல்ல மனுசன். “சார், நடுவுல இருக்கிறதெல்லாம் நான் சுட்டிருக்க வாய்ப்பே இல்ல”ன்னு அவரே ஒத்துக்கிட்டாரு.

செக்ரட்டரி விதியைச் சொன்னாரு. வாத்தியாரு இல்லையா, விதின்னா விதிதான். “ஒருத்தர் அட்டையில இன்னொருத்தர் சுட்டு, எது யாரு குண்டுன்னு தெரியலன்னா, இருக்கிறதுல ஒசந்த மார்க்கெல்லாம் அட்டைக்காரருக்கு. தப்பா சுட்டவருக்கு முட்டை.”

கிளப்பு ஆரம்பிச்சதுலேருந்து யாரும் எடுக்காத மார்க்கு. பல் டாக்டரு செலக்டு. எனக்கு அழுகையா வந்துச்சு, நெசமாத்தான் சொல்றேன்.

வூட்டுக்கு வந்து கலாகிட்ட சொன்னேன். ரெண்டு நாளா சரியா பேசாதவ, செவுத்துல சாஞ்சி சிரிச்சா. “இவ்வளவு செலவு பண்ணி சைட்டு வாங்கி, அடுத்தவன் சைட்டுல போயி வூடு கட்டிட்டு வந்திருக்கீங்களே!”

அவ இப்ப தம்பியைக் கூட்டிக்கிட்டு நெசமாவே எடம் பாக்க ஆரம்பிச்சிட்டா. எங்க வூட்டுல அந்த வார்த்தைக்கு தடை. நெலம்னா மனை. துப்பாக்கின்னா குழாயி. மூணாவது அர்த்தத்தைப் பத்தி பேச்சே எடுக்கக்கூடாது.

திங்கக்கிழமை கடையில இருக்கேன். செக்ரட்டரி போன்.

“சார், சந்தோசமான விசயம். நீங்களும் திருச்சிக்கு வர்றீங்க. தனியா ஒரு என்ட்ரி போட்டுக்கலாமாம். டாக்டரு ஒத்தக் காலுல நிக்கிறாரு, நீங்க இல்லாம அவரு போக மாட்டாராம்.”

என்ன ஒரு பெருந்தன்மை! “டாக்டருக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுங்க சார்.”

“சொல்றேன் சார். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருக்காரு. உங்க லேன் அவருக்குப் பக்கத்துலயே இருக்கணுமாம்.”